தேதியிட்ட கோடை

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் 1842இல் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பட்டது. ஐஸ்ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதியை இன்னும் விட்டுப் போகவில்லை. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, இந்தியாவுக்குக் கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்கு வந்த அவருடைய முதல் சரக்கு நான்கு மாதம் கடலில் கிடந்தது. வழியில் உருகியது போக மிஞ்சியதற்கே நல்ல விலை கிடைத்தது.

1846-47 குளிர்காலத்தில், பாஸ்டனுக்கு அருகிலுள்ள கான்கார்டு ஊரின் வால்டன் குளத்தில் ஏறக்குறைய நூறு கூலியாட்கள் இறங்கிப் பனிக்கட்டி அறுத்தார்கள். கரையில் சிறு வீடு கட்டிக்கொண்டு தனியே வாழ்ந்துவந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் தண்ணீர் மொள்ளும் குளம் சென்னைவாசியின் தாகத்தையும் தணிக்கப்போகிறது என்ற எண்ணம் அவரை மகிழ்வித்தது. 1854இல் வெளியான ‘வால்டன்’ நூலில் அதை எழுதியும் வைத்தார். உண்மையில் அந்த ஆண்டு அறுத்த பனியில் பெரும்பகுதி எங்கும் போகவில்லை. பத்தாயிரம் டன் என்று மதிப்பிடப்பட்ட குவியல் கரையிலேயே கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுதாக உருகிக் குளத்துக்குத் திரும்பியது.

குளிர்காலத்தை வெயில் நாட்டுக்கு விற்ற வணிகம் அது. அதே ஊரில் தோரோ அதற்கு எதிர்த்திசையில் ஒரு வேலை செய்தார். கோடையின் சின்னஞ்சிறு நிகழ்வுகளைக் குறித்துவைத்து, பனி மூடிய மாதங்களில் எடுத்துப் பார்த்தார். ஒருவர் தன் மனத்தேறுதலுக்குச் செய்த காரியமாகத் தொடங்கிய இது, அவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் காலநிலை மாற்றத்தை அளக்கும் சான்றாக மாறியது. இனிய நினைவு எந்த இடத்தில் சான்றாகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

குறுகிய கோடையின் நாடு

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஒரு தடை உண்டு. நம் இலக்கண மரபில் முதுவேனில் பாலைக்குரிய பொழுது. கோடை எப்போது கழியும் என்று காத்திருப்பதே நம் இயல்பு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரந்தான் வேறுபாடு. வடக்கு அட்சரேகை 42 பாகைக்குச் சற்று மேலே இருக்கும் கான்கார்டில் ஜூன் மாதப் பகல் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர் பகல் ஒன்பது மணி நேரமாகச் சுருங்கும். நவம்பரில் இலைகள் உதிர்ந்து முடிகின்றன. அதன்பின் ஏப்ரல் வரை தரையில் பூ என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. தவளை கத்தாது, பூச்சி பறக்காது, பாடும் பறவைகளில் பெரும்பாலானவை தெற்கே போய்விடும்.

வால்டன் குளத்தின் பனி எந்த நாளில் முழுதாக விலகியது என்பதைத் தோரோ ஆண்டுவாரியாகத் தந்திருக்கிறார்: 1845இல் ஏப்ரல் 1, 1846இல் மார்ச் 25, 1847இல் ஏப்ரல் 8, 1852இல் ஏப்ரல் 18. ஒரே குளத்தில் ஓர் ஆண்டுக்கும் இன்னோர் ஆண்டுக்கும் மூன்று வாரங்களுக்கு மேல் வேறுபாடு. கோடை எப்போது வரும் என்பது உறுதியில்லாத ஊரில், போன கோடை எப்போது வந்தது என்பது பெறுமதியுள்ள தகவல்.

கடன் வாங்கிய கோடையிலிருந்து சொந்தக் கோடைக்கு

1842இல் தோரோவுக்கு 25 வயது. ‘தி டயல்’ இதழில் ‘மாசசூசெட்ஸின் இயற்கை வரலாறு’ என்ற கட்டுரையை வெளியிட்டார். இயற்கை வரலாற்று நூல்களே குளிர்காலத்துக்கு ஏற்ற உற்சாகமான வாசிப்பு என்று அதைத் தொடங்குகிறார். வெளியே பனி தரையை மூடியிருக்க, பறவை ஓவியர் ஆடபான் எழுதியதில் தெற்கே உள்ள புளோரிடாவின் பூக்களையும் இளங்காற்றையும் படித்து மகிழ்கிறார். அங்கே அவர் அனுபவிப்பது இன்னொருவர் கண்ட, இன்னொரு நிலத்தின் கோடை.

பத்து ஆண்டுகளில் இது மாறியது. 1837 அக்டோபரில் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு முதலில் சிந்தனைகளும் வாசிப்புக் குறிப்புகளும் நிறைந்தது. 1850களின் தொடக்கத்திலிருந்து அது வேறு உருவம் எடுக்கிறது. எந்தச் செடி எந்த நாளில் முதலில் பூத்தது, எந்தப் பறவை எந்த நாளில் வந்தது, எந்த மரம் எந்த வாரத்தில் துளிர்த்தது என்று நாள்தோறும் குறிக்கத் தொடங்கினார். 1861 நவம்பர் வரை எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பு ஏறக்குறைய இருபது லட்சம் சொற்கள் கொண்டது.

இதற்கான கருவிகள் எளியவை. அவருடைய குடும்பத்தொழில் பென்சில் செய்வது. அந்தப் பென்சில்களின் தரத்தை உயர்த்தியதில் அவருக்கே பெரும்பங்கு உண்டு. நடக்கும்போது சட்டைப்பையில் பென்சிலும் குறிப்புத்தாளும் இருக்கும். செடிகளை வாடாமல் கொண்டுவரத் தன் தொப்பிக்குள் ஒரு தட்டு அமைத்திருந்தார். தாவரங்களை அழுத்தி உலர்த்தப் பழைய இசைப்புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார் என்று நண்பர் எமர்சன் எழுதியிருக்கிறார். மயக்கத்திலிருந்து ஒரு சதுப்பில் விழித்தெழுந்தாலும், சுற்றியுள்ள செடிகளைப் பார்த்து இரண்டு நாள் பிசகுக்குள் தேதியைச் சொல்லிவிட முடியும் என்று தோரோ நம்பினார் என்பதும் எமர்சன் தரும் தகவல்தான். வயிற்றுப்பாட்டுக்கு நில அளவையாளர் வேலை. வயலையும் காட்டையும் சங்கிலி போட்டு அளந்த கண், பருவத்தையும் அதே கறாரோடு அளந்தது.

அவர் குறித்தவற்றில் காட்சிப்பெருமை உடையவை குறைவு. ஊசியிலை மரங்களின் மகரந்தம் குளத்தின் மேல் மஞ்சள் பொடியாகப் படிவது, வெள்ளாம்பல் சூரியன் எழும் நேரத்தில் இதழ் விரிப்பது, மாலை ஏழரை மணிவாக்கில் பக்கிப் பறவைகள் தவறாமல் குரல் கொடுக்கத் தொடங்குவது, ஹக்கிள்பெரி பழுப்பது. ஊரார் எல்லாரும் கண்டவை. யாரும் தேதி போட்டு வைக்காதவை.

குளிர் அழைக்கிறது, நினைவு மழுப்புகிறது

குளிரில் பழைய நினைவு ஏன் எழுகிறது என்பதைச் சில உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். சின்யுவே ஜோ என்பவரும் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தின் டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் ஆகியோரும் மற்றவர்களோடு சேர்ந்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சீன மாணவர்கள் முப்பது நாட்கள் தங்கள் ஏக்க நினைவுகளைப் பதிவுசெய்தார்கள். குளிர்ந்த நாட்களில் அவை கூடுதலாக வந்தன. குளிரான அறையில் இருந்தவர்களுக்கும், இதமான அல்லது வெப்பமான அறையில் இருந்தவர்களைவிட அத்தகைய நினைவுகள் மிகுதியாக எழுந்தன. பழைய இனிய நிகழ்வை நினைத்துக்கொண்டவர்கள் பனிநீரில் கையை அதிக நேரம் வைத்திருந்தார்கள். சிறிய குழுக்களிடம் நடத்திய சோதனைகளை மனித இயல்பின் பொதுவிதியாக்கிவிட முடியாது. ஆனாலும் குளிருக்கும் நினைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு இவை ஒரு தடயம்.

அழைத்தால் நினைவு வருகிறது. வருவது எது என்பதுதான் சிக்கல். அமெரிக்க உளவியலாளர் மேரிகோல்ட் லின்டன் 1972 முதல் ஆறு ஆண்டுகள் தன் வாழ்வில் நாளுக்குக் குறைந்தது இரண்டு நிகழ்வுகளைச் சிறு அட்டைகளில் எழுதிவைத்தார். பிறகு மாதந்தோறும் சில அட்டைகளை எடுத்துத் தன் நினைவைச் சோதித்தார். வெளியூரில் நடந்த ஒரு குழுக்கூட்டத்துக்கு முதன்முறை போனது தெளிவாக நினைவிருந்தது. திரும்பத் திரும்பப் போனபின் எந்தக் கூட்டத்தில் எது நடந்தது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்து ‘கூட்டங்கள்’ என்ற ஒரே பொது நினைவாகிவிட்டது.

இயற்கையின் நிகழ்வுகள் முழுக்க இந்த வகையைச் சேர்ந்தவை. ஆண்டுதோறும் அதே பூ, அதே குரல், அதே கரை. இருபது கோடைகளைக் கண்டவர் மனத்தில் இருபது கோடைகள் இருப்பதில்லை. ஒரு கோடைதான் இருக்கிறது. அதில் மழையால் கெட்ட வாரங்களும் கொசுக்கடியும் உதிர்ந்துபோய், சிறந்த மாலைகள் மட்டும் தங்கியிருக்கலாம். நினைவு என்பது சேமித்ததை அப்படியே எடுத்துத் தருவதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் 1932இலேயே வாதிட்டார்.

டச்சு உளவியலாளர் வில்லெம் வாகெனாரின் சோதனை இதைவிடக் கூர்மையானது. அவரும் ஆறு ஆண்டுகள் தன் வாழ்வின் 2,400 நிகழ்வுகளைப் பதிந்தார். ஒவ்வொன்றுக்கும் என்ன, யார், எங்கே, எப்போது என்ற நான்கு குறிப்புகள். பின்னர் ஒவ்வொரு குறிப்பாகக் கொடுத்து, மற்றவை நினைவுக்கு வருகின்றனவா என்று தன்னையே சோதித்துக்கொண்டார். 1986இல் வெளியான முடிவின்படி ‘என்ன’ என்பதே மிக உதவிய குறிப்பு. ‘எப்போது’ என்பது தனியாக நின்றபோது ஏறக்குறைய பயனற்றது. மனம் நிகழ்வைப் பிடித்துக்கொள்கிறது, தேதியை விட்டுவிடுகிறது.

தோரோ எழுதிவைத்தது மிகச் சரியாக அந்தத் தேதியைத்தான். ஓர் அனுபவத்தின் மெய்யான விவரிப்பு பல ஆண்டுகளுக்குப் பிறகே கைகூடுவதுண்டு என்று 1857இல் நாட்குறிப்பில் குறித்தவரும் அவர்தான். முரண்போலத் தோன்றும் இந்த இரண்டையும் அவர் பிரித்தே வைத்திருந்தார்: பொருளைக் காலம் கனிய வைக்கட்டும், தேதியை மட்டும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

தாளில் உலர்ந்த பூக்கள்

கோடையைக் காப்பாற்றப் பலர் பூவையே காப்பாற்றினார்கள். அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில், பள்ளி வயதில் எமிலி டிக்கின்சன் சேகரித்த உலர்தாவரத் தொகுப்பு இன்று ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. 66 பக்கங்களில் 424 செடிகள். தாளில் அவை அமைந்திருக்கும் விதத்தில் வருங்காலக் கவிஞரின் கண் தெரிகிறது. ஆனால் அழுத்தி உலர்த்திய பூ, வடிவத்தைக் காத்து நிறத்தை இழக்கும். மணத்தை முழுதும் இழக்கும். அந்த ஏடு இப்போது கை படக்கூடாத அளவுக்கு நொய்ந்துவிட்டதால் ஆய்வாளர்களும் படிமங்களையே பார்க்கிறார்கள்.

சோசலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க்கின் தொகுப்பு வேறு சூழலில் உருவானது. சூரிச்சில் மாணவியாக இருந்தபோது அரசியல் பொருளாதாரத்துக்கு முன் அவர் நாடியது தாவரவியலும் விலங்கியலும். 1913 மே மாதம் செடிகளைச் சேகரிக்கத் தொடங்கி, முதல் உலகப்போர்க் காலத்தில் சிறையிலும் அதைத் தொடர்ந்தார். சிறை முற்றத்தில் முளைத்தவையும் தோழிகள் அனுப்பியவையும் அந்த ஏடுகளில் ஒட்டப்பட்டன. அவை இன்று வார்சாவின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1917 டிசம்பரில் பிரெஸ்லாவ் சிறையிலிருந்து தோழி சோஃபி லீப்க்னெக்டுக்கு எழுதிய கடிதத்தில், இருண்ட அறையில் கிடந்தபடியே காரணமறியாத ஒரு மகிழ்ச்சியை உணர்வதாகச் சொல்கிறார். அவரைப் பொறுத்தவரை குளிர்காலம் பருவத்தோடு முடிவதில்லை. சிறைச்சுவரும் அதன் பகுதி. வெளியே போக முடியாதவருக்குச் சிறு இயற்கையின் நினைவு எவ்வளவு எடை உடையது என்பதற்கு அவருடைய சிறைக் கடிதங்களைவிடத் தெளிவான சான்று அரிது.

கடைசிக் குளிர்காலங்கள்

தோரோவுக்கும் அப்படியொரு சிறை வாய்த்தது. 1860 டிசம்பர் 3 அன்று, கடுங்குளிரில் மரக்கட்டைகளின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அவருக்குச் சளி பிடித்தது. அது மார்புச்சளியாகி, ஏற்கெனவே உடலில் இருந்த காசநோயைக் கிளப்பிவிட்டது. நாள்தோறும் நான்கு மணி நேரம் நடந்தவர் வீட்டுக்குள் அடைபட்டார்.

இந்தக் காலத்தில் அவர் தன் நாட்குறிப்பிலிருந்து பருவ நிகழ்வுகளைத் திரட்டிப் பெரிய தாள்களில் அட்டவணைகளாக்கும் வேலையில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தாள். மேலே ஆண்டுகள், பக்கவாட்டில் நிகழ்வுகள். மழை, ஆற்றின் நீர்மட்டம், தவளையின் முதல் குரல், முதல் பூ ஆகியவற்றோடு, மேலங்கியை எப்போது கழற்ற முடிந்தது, அடுப்பு மூட்டாமல் எப்போது உட்கார முடிந்தது போன்ற வீட்டு விவரங்களும் அவற்றில் இடம்பெற்றன. மனித உடலையும் அவர் பருவத்தின் ஒரு கருவியாகவே கணக்கில் சேர்த்தார். தனித்தனிக் கட்டங்களை நிரப்பும்போது, மனத்தில் ஒன்றாகக் கலந்துபோன கோடைகள் மறுபடி தனித்தனி ஆண்டுகளாகப் பிரிகின்றன. லின்டனின் குழுக்கூட்டங்களுக்கு நேர்ந்தது தோரோவின் மே மாதங்களுக்கு நேராமல் தடுத்தது இந்த அட்டவணைதான்.

இந்த முறை அவர் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கிய இளவேனில் குறிப்புகளை அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக 1958 வரை தொடர்ந்தது. செல்போர்ன் ஊர்ப் பாதிரியார் கில்பர்ட் வைட், பூவுக்கும் பறவைக்கும் கட்டம் போட்டு அச்சிட்ட படிவங்களை 1768 முதல் நிரப்பிவந்தார். வைட்டின் நூலை விரும்பிப் படித்தவர் தோரோ. ஆனால் ஆண்டுகளை அருகருகே நிறுத்தி, தன் ஊருக்கென ஒரு முழுப் பஞ்சாங்கம் அமைக்க முயன்ற அளவில் தோரோ இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தார்.

வேலை முடியவில்லை. 1862 மே 6 அன்று, 44 வயதில் இறந்தார். கடைசி மாதங்களில் பென்சில் பிடிக்கவும் வலுவில்லாமல், தங்கை சோஃபியா உதவ, இலையுதிர்கால நிறங்கள் பற்றியும் காட்டு ஆப்பிள்கள் பற்றியும் எழுதியிருந்தவற்றைச் செப்பனிட்டார். காட்டுப் பழங்கள் குறித்த பெருநூல் கைப்பிரதியாகவே கிடந்து 2000இல்தான் அச்சானது. அட்டவணைத் தாள்கள் நீண்ட காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. கற்பனை ஊற்று வற்றிய ஒருவரின் வறட்டுப் பட்டியல்கள் என்றே பலர் அவருடைய பிற்காலக் குறிப்புகளை ஒதுக்கினார்கள்.

புளியாரையின் 32 நாட்கள்

2003 வாக்கில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் ரிச்சர்ட் பிரைமாக், காலநிலை மாற்றத்தின் அடையாளங்களைத் தன் சுற்றுவட்டாரத்திலேயே தேடத் தொடங்கினார். பழைய பூப்புக் குறிப்புகள் எங்கேனும் உண்டா என்ற தேடல் அவரைத் தோரோவின் அட்டவணைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கையெழுத்து கொடுமையானது, செடிப்பெயர்கள் பழையவை. நாட்குறிப்பின் தாவரங்களுக்கு தாவரவியலாளர் ரே ஏஞ்சலோ 1984இல் உருவாக்கியிருந்த பெயர்ச்சுட்டி துணைநின்றது. தோரோவுக்குப் பின் ஆல்ஃபிரட் ஹாஸ்மர் என்ற கான்கார்டு கடைக்காரர் 1878இலும் 1888 முதல் 1902 வரையிலும் பூத்த நாட்களைப் பதிந்திருந்தார். பிரைமாக்கும் அவருடைய மாணவர் ஏப்ரகாம் மில்லர்-ரஷிங்கும் அதே ஊரில் அதே செடிகளைத் தேடி நடந்தார்கள்.

2008இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: தோரோவின் காலத்தோடு ஒப்பிட, 43 பொதுவான தாவர வகைகள் சராசரியாக ஏழு நாள் முந்திப் பூக்கின்றன. ஹைபுஷ் புளூபெரி 21 நாளும், நம் தோட்டங்களில் முளைக்கும் புளியாரையின் உறவுச்செடியான மஞ்சள் பூப் புளியாரை 32 நாளும் முந்திவிட்டன. அந்த இடைவெளியில் கான்கார்டின் வெப்பநிலை 2.4 பாகை செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. இதில் ஒரு பகுதி உலகளாவிய வெப்பமாதல். இன்னொரு பகுதி பாஸ்டன் பெருநகரம் வளர்ந்து கக்கும் வெப்பம். வால்டன் குளத்தின் பனியும் தோரோ குறித்த காலத்தைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தி விலகுகிறது.

அதே ஆண்டில் ஹார்வர்டின் சார்லஸ் வில்லிஸ், சார்லஸ் டேவிஸ் ஆகியோரும் பிரைமாக் குழுவினரும் இணைந்து செய்த ஆய்வு இழப்பைக் கணக்கிட்டது. தோரோ கண்ட தாவர வகைகளில் 27 விழுக்காடு இன்று கான்கார்டில் இல்லை. மேலும் 36 விழுக்காடு எந்நேரமும் மறையக்கூடிய அளவுக்கு அருகிவிட்டது. வெப்பத்துக்கேற்பப் பூக்கும் நாளை மாற்றிக்கொள்ள முடியாத குடும்பங்களே மிகுதியாக இழப்பைச் சந்தித்தன.

கவனிக்க வேண்டியது, சான்றாக நின்றது எது என்பது. தோரோவின் புகழ்பெற்ற வாக்கியங்கள் எதுவும் இந்த ஆய்வுக்கு உதவவில்லை. பலரும் களை என்று மிதித்துப்போகும் ஒரு செடியின் பெயரும் அதன் பக்கத்தில் ஒரு தேதியுமே உதவின. அரிய பூவை மட்டும் குறித்திருந்தால் ஒப்பிட இன்று செடியே இருந்திருக்காது.

ஏக்கத்துக்கும் குறிப்புக்கும் நடுவே

தேதியற்ற நினைவு ‘அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது’ என்று சொல்லும். அது ஆறுதல் தரும். ஆனால் அதோடு வாதிட முடியாது, அதை வைத்து எதையும் நிறுவவும் முடியாது. தேதியிட்ட நினைவு, எது, எவ்வளவு, எப்போதிருந்து மாறியது என்று சொல்லும். தோரோவிடம் இரண்டும் இருந்தன. குளிர்காலத்தில் கோடைக்கு ஏங்காதவராக இருந்திருந்தால் அவர் அந்தத் தாள்களை நிரப்ப உட்கார்ந்திருக்கவே மாட்டார். ஏங்கியதோடு நின்றிருந்தால் நமக்கு நல்ல உரைநடை மட்டும் மிஞ்சியிருக்கும். ஏக்கம் வேலைக்கு அழைத்தது, தேதி அந்த வேலையைப் பிறருக்கும் பயன்பட வைத்தது.

நமக்குப் பனி மூடும் மாதங்கள் இல்லை. ஆனால் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பருவங்கள் உண்டு: வேம்பு பூப்பது, கொன்றை மஞ்சளாவது, குயில் கூவத் தொடங்குவது, முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்புவது. இந்தியாவில் மரங்களின் துளிர், பூ, காய் ஆகியவற்றைப் பொதுமக்களும் பள்ளி மாணவர்களும் வாரந்தோறும் பதியும் சீசன்வாட்ச் என்ற திட்டம் நடந்துவருகிறது. கொன்றை முன்னெல்லாம் சித்திரைக்குத்தான் பூக்கும், இப்போது முந்திவிட்டது என்று பெரியவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம், முதல் சில மரங்களைக் கண்ட மயக்கமாகவும் இருக்கலாம். எது என்று தீர்க்க, ஒரே மரத்தை ஒரே ஆள் பல ஆண்டு பார்த்து எழுதிய குறிப்பு வேண்டும். அதற்குக் கருவி பென்சிலும் தாளும்தான்; தேர்ந்தெடுக்க வேண்டியது ஊரின் மிகச் சாதாரணமான மரத்தை.